படத்தில் இல்லாத கம்பிகள்

1. உறை பிரிக்காத புத்தகம்

1993 ஜூன் 14, திங்கட்கிழமை. விழுப்புரம் ரயில்வே ஜங்ஷனிலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருந்த ஒரு பில்டிங் இஞ்சினியர் ஆபீசில் டிராப்ட்ஸ்மேனாகச் சேர்ந்தேன். அப்போதுதான் சிவில் டிப்ளமோ முடித்திருந்தேன். இஞ்சினியர் பெயர் கோதண்டபாணி. ஒரு டிராயிங் போர்டு, ஒரு டி-ஸ்கொயர், டிரேசிங் ஷீட்டில் தப்பாக விழுந்த இங்க் கோட்டைச் சுரண்டப் பாதி பிளேடு, இவற்றைக் கொடுத்து உட்காரச் சொன்னார். கொஞ்ச நேரத்தில் தபால்காரர் பழுப்பு உறை போட்ட ஒரு புத்தகத்தை மேஜையில் வைத்துவிட்டுப் போனார். பம்பாயிலிருந்து வரும் ஆங்கிலக் கட்டடக் கலைப் பத்திரிகை.

நான் ஆசையாக உறையைப் பிரிக்கப் போனேன்.

"ஏழுமல, கைய எடு. அத அப்படியே பீரோவுல வச்சுப் பூட்டு."

"படிக்கறதுக்குத்தானே சார் வருது?"

"படிக்கறது நானு. கஸ்டமர் கண்ணுல பட்டா கிழிச்சுக்கினு பூடுவான். போன மாசம் ஒருத்தன் நடுப்பக்கத்த மடிச்சு பாக்கெட்டுல வச்சுக்கினு போயி, மறுநாள் எங்கிட்டயே கொண்டாந்து நீட்டறான். இதே மாதிரி வேணும் சார்ங்கறான். என் புத்தகத்த எங்கிட்டயே!"

ஆபீஸ் வழக்கம் சீக்கிரமே புரிந்துவிட்டது. வீடு கட்ட வருகிறவர் எத்தனை ரூம், எந்தத் திசை என்று பேச ஆரம்பிப்பதற்கு முன் சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து மேஜையில் விரிப்பார். ஸ்டேஷன் கடையில் வாங்கிய பத்திரிகையில் கிழித்தது, சிமென்ட் கம்பெனி காலண்டரில் கிழித்தது, பல் டாக்டரிடம் காத்திருந்தபோது கிழித்தது. எங்கள் ஆபீசில் அதற்குப் 'பக்கம்' என்றே பெயர். "பார்ட்டி வந்திருக்கார் சார்" என்று நான் சொன்னால், "பக்கத்தோடயா, வெறுங்கையோடயா?" என்பார் கோதண்டபாணி. வெறுங்கையோடு வந்தவர்களின் வேலை சீக்கிரம் முடிந்தது.

அந்த ஆண்டு செப்டம்பர் கடைசியில் விழுப்புரம் தனி மாவட்டமானது. ஆபீசர்கள் குடிவந்தார்கள், வயலாக இருந்த இடங்களில் பிளாட் கல் நட்டார்கள், பக்கங்கள் குவிந்தன. நான் சனிக்கிழமைதோறும் பீரோவிலிருந்து ஒரு புத்தகத்தைக் கேட்டு வாங்கி வீட்டுக்குக் கொண்டு போய் டிக்ஷனரி வைத்துக்கொண்டு படித்தேன். ஒவ்வொரு இதழின் முதல் பக்கத்திலும் அது வந்து சேர்ந்த தேதியைப் பென்சிலால் எழுதினேன்.

"தேதி எதுக்குய்யா? இது இன்னா பால் பாக்கெட்டா, கெட்டுப் போறதுக்கு?" என்றார் கோதண்டபாணி.

அந்த இதழ்களில் பாதிக்குமேல் இன்றும் என்னிடம் இருக்கின்றன. நான் எழுதும் ஆண்டுகளும் மாதங்களும் பெரும்பாலும் அவற்றைப் பார்த்துச் சரிபார்த்தவை.

2. புகைக்கூண்டு

1996இல் காணையிலிருந்து ஒரு ரைஸ்மில்காரர் வந்தார். அவர் கொண்டுவந்த பக்கத்தில் மலைப்பிரதேசத்து வீடு ஒன்று இருந்தது. சரிந்த ஓட்டுக் கூரை, அதன் உச்சியில் செங்கல் புகைக்கூண்டு.

"இந்தக் கூண்டு கட்டாயம் வேணும் சார். ரோட்டுல போறவன் நின்னு பாக்கணும்."

"உங்க வீட்ல கேஸ் அடுப்பாச்சே, பொகைக்கு எங்க போவீங்க?"

"பொக வராங்காட்டி இன்னா சார்? கூண்டு நிக்கட்டும்."

கேட்டதைக் கட்டிக் கொடுப்பதுதான் தொழில் என்பது கோதண்டபாணியின் கொள்கை. கட்டிக் கொடுத்தோம். வீடு அழகாகவே இருந்தது. ஐப்பசி மழை ஓய்ந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை சைக்கிளை எடுத்துக்கொண்டு காணைக்குப் போனேன். யாரும் அனுப்பவில்லை. நான் வரைந்த வீடு மழையில் எப்படி இருக்கிறது என்று பார்க்கத் தோன்றியது, அவ்வளவுதான்.

ரைஸ்மில்காரரின் மனைவி ஹாலுக்குக் கூட்டிப் போனார். நடு ஹாலில் ஒரு அண்டா இருந்தது.

"தம்பி, உங்க கூண்டு வழியா மழை நேரா உள்ள ஊத்துது. அண்டா வச்சிருக்கோம். மழை இல்லாத அன்னிக்குப் புறா குடித்தனம் பண்ணுது. இவரு கேட்டா, ரோட்டுல எல்லாரும் நின்னு பாக்கறாங்கங்கறாரு. அவங்கள உள்ள வந்து அண்டாவ ஊத்திட்டுப் போவச் சொல்லுங்க."

திங்கட்கிழமை அதைச் சொன்னபோது கோதண்டபாணி தலையில் அடித்துக்கொண்டார். "சாவி குடுத்த வீட்டுக்கு மறுபடி போறவன் இஞ்சினியர் இல்லய்யா. வம்ப வெல குடுத்து வாங்குறவன்." சொன்னாரே தவிர, கொத்தனாரை அனுப்பிக் கூண்டின் வாயை ஸ்லாப் போட்டு மூடவும் செய்தார்.

அதன் பிறகு பத்திரிகைப் படங்களை வேறு கண்ணால் பார்க்க ஆரம்பித்தேன். எந்தப் படத்திலும் தண்ணீர் டேங்க் கிடையாது. மோட்டார் ரூம் கிடையாது, ஈபி மீட்டர் பாக்ஸ் கிடையாது, துணி காயும் கொடி கிடையாது. பெயின்ட் காய்ந்ததும், சாமான் இறங்குவதற்கு முன் எடுத்த படங்கள். கட்டுரைகளும் அந்த நாளோடு முடிந்துவிடும். அந்த வீடு அடுத்த மழையை எப்படிக் கடந்தது என்று எந்த இதழும் திரும்பிப் போய் எழுதியதாக நான் பார்க்கவில்லை. நான் போவது என்று முடிவு செய்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் போனேன். சில வீடுகளில் காபி கொடுத்தார்கள், சில வீடுகளில் நாயை அவிழ்த்துவிட்டார்கள்.

3. மூன்று மழை

2003இல் லைசென்ஸ் வாங்கித் திண்டிவனத்தில் சொந்தமாக ஆபீஸ் போட்டேன். 2009 ஜனவரியில் ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து தமிழில் டைப் அடிக்கக் கற்றுக்கொண்டு வலைப்பூ ஆரம்பித்தேன். பெயர் 'மூன்று மழை'. ஒரே விதிதான்: குடிபோய் மூன்று மழைக்காலம் முடியாத வீட்டைப் பற்றி எழுதுவதில்லை.

ஆங்கிலத்தில் கட்டடக் கலை வலைப்பூக்கள் அப்போது பெருகிக்கொண்டிருந்தன. பத்திரிகையில் மூன்று மாதம் கழித்து வரும் படம் அவற்றில் மறுநாளே வந்தது. வேகம் மாறியதே தவிர வீடுகளில் அப்போதும் ஆள் இல்லை. என் பதிவுகளில் படங்கள் சுமாராக இருக்கும். கொடியில் துணி தொங்கும், சுவரில் ஓதம் தெரியும், பக்கத்தில் வீட்டுக்காரரே நின்று, "இங்கதாங்க ஒழுகுது" என்று கையால் காட்டுவார். இதை யார் படிப்பார்கள் என்று நினைத்தேன். வளைகுடா நாடுகளில் வேலை செய்துகொண்டு ஊரில் வீடு கட்டும் நம் ஆட்கள் படித்தார்கள். "அண்ணே, அந்த வீட்டு சன்ஷேடு எத்தனை அடி வெளியே வருது? எங்க கொத்தனார் ஒண்ணரை போதும்ங்கறார்" என்பது மாதிரிப் பின்னூட்டங்கள் வந்தன. பதில் எழுதாமல் நான் தூங்கப் போனதில்லை.

பக்கம் கிழித்துக்கொண்டு வருகிறவர்கள் போய், செல்போனை நீட்டுகிறவர்கள் வந்தார்கள். நானும் என் செல்போனை நீட்ட ஆரம்பித்தேன். "நீங்க காட்டறது நல்லா இருக்குங்க. இதே மாதிரி கட்டின வீடு திருவெண்ணெய்நல்லூர்ல இருக்கு. நாலு வருசம் கழிச்சு இப்படி ஆயிருக்கு, பாருங்க." சிலர் மனம் மாறினார்கள். சிலர் இஞ்சினியரை மாற்றினார்கள்.

4. சும்மா நிற்கும் கம்பி

2012 ஆகஸ்டில் சென்னையிலிருந்து ஒரு அறக்கட்டளை என்னைக் கூப்பிட்டது. மரக்காணத்துக்கு அப்பால் ஒரு மீனவர் குப்பத்தில் நான்கு ஆண்டுகளுக்கு முன் அவர்கள் வளைவுக் கூரை வீடுகள் கட்டிக் கொடுத்திருந்தார்கள். மண்ணும் கொஞ்சம் சிமென்ட்டும் சேர்த்து அழுத்திய கல்லால், பீப்பாயைப் பாதியாகப் பிளந்து கவிழ்த்த மாதிரிக் கூரை. வானூர்ப் பக்கம் அப்படிக் கட்டத் தெரிந்த ஆட்கள் உண்டு. அந்த வீடுகளை ஆங்கிலப் பத்திரிகை ஆறு பக்கத்துக்குப் போட்டிருந்தது. அந்த இதழ் என்னிடம் இருக்கிறது. பல முறை எடுத்துப் பார்த்து ரசித்திருக்கிறேன். இப்போது அதே குப்பத்தில் இன்னொரு வரிசை கட்டப் போகிறார்கள். பிளானில் கையெழுத்துப் போடவும் வேலையைப் பார்த்துக்கொள்ளவும் உள்ளூர் லைசென்ஸ் இஞ்சினியர் வேண்டும். டிசைன் செய்தவர் நந்தினி என்ற ஆர்கிடெக்ட். முப்பது வயதுக்குள் இருக்கும், வெயிலில் நின்று வேலை வாங்குகிறவர்.

ஒத்துக்கொண்டேன். வழக்கப்படி பழைய வரிசையைப் பார்க்க முதலில் தனியாகப் போனேன்.

வீடுகள் பத்திரிகையில் எழுதியபடியே இருந்தன. ஆகஸ்ட் வெயிலில் உள்ளே குளுமை. முந்தைய டிசம்பரில் அடித்த புயலில் ஒரு கல்கூட அசையவில்லை. நான் பார்த்த வீடுகளில் அஞ்சலை வீட்டில் மட்டும் கூரையின் இரண்டு ஓரங்களிலும் ஈரக் கறை. அஞ்சலை மீன் வியாபாரம் செய்கிறவர். அவர் கணவரும் மகன் சேகரும் கடலுக்குப் போகிறார்கள். ஏணி கேட்டேன்.

"எதுக்குண்ணா மேல? ஒண்ணும் இல்லண்ணா மேல."

"ஓதம் இருக்கேம்மா, பாக்கணும்."

அரைமனதாக ஏணி வந்தது. மேலே ஏறினேன். வளைவின் நான்கு மூலைகளிலும் துளை போட்டு, நான்கு கம்பிகளை நட்டு, சிமென்ட் பூசியிருந்தார்கள். மாடி எடுப்பதற்காகத் தளத்தில் விட்டுவைப்போமே, அந்த மாதிரி வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றன. ஆனால் எட்டு எம்எம் கம்பி. தூணுக்கு வைக்கிற கம்பியே இல்லை. கீழே எதோடும் கட்டவும் இல்லை. துளை வழியாக மழைத் தண்ணீர் இறங்கியிருந்தது. கீழே வந்து கேட்டேன்.

"இந்தக் கம்பி எதுக்கும்மா? எதுலயும் கட்டலயே."

அஞ்சலை வாசலைப் பார்த்தார். பிறகு குரலைத் தணித்தார். "சும்மா நிக்குதுண்ணா. சேகருக்குப் பொண்ணு பாத்தோம். வானூர் பக்கம் குப்பம். பொண்ணோட அப்பா கடலுக்குப் போறத விட்டுட்டுக் கட்டட வேலைக்குப் போறாரு. அதுக்கு முந்தி ரெண்டு எடத்துலேந்து வந்து பாத்துட்டுப் போனவங்க, மாடி எடுப்பீங்களா, கம்பி விட்டிருக்கீங்களான்னு கேட்டாங்க. இந்தக் கூரை மேல எப்படி எடுக்கறது? வீடு நல்லாக்கீதுன்னு சொல்லிட்டு எழுந்து போனவங்கதான். ஒரே ரூம்பு. அதுல நாங்க, எம் பொண்ணு, அப்புறம் புதுசா கட்டிக்கினு வர்றவ. எங்க படுப்பா? அதான் வைகாசியில கொத்தனார வச்சு நட்டோம்."

"இந்தப் பொண்ணு வீட்டுக்காரங்க பாத்தாங்களா?"

"கீழேந்து பாத்தாரு. கம்பிய எண்ணினாரு. தலைய ஆட்டினாரு. நிச்சயம் முடிஞ்சிடுச்சு. தை மாசம் கல்யாணம்." பிறகு சட்டென்று என் கையைப் பிடித்தார். "அண்ணா, நீ கம்ப்யூட்டர்ல எழுதறியாமே. இத மட்டும் எழுதிடாத. பேஜாராப் பூடும்."

பக்கத்தில் நின்றிருந்த தனம், அஞ்சலையின் நாத்தனார். புதிய வரிசையில் வீடு கிடைக்கப் போகிறவர். இரண்டு மகன்கள். புயலுக்குப் பிறகு தார்ப்பாய் போட்ட குடிசையில் இருந்தார்.

"உனக்கும் இதே வளைவுதான் வரப்போவுது. வேணாம்னு சொல்லலியா?" என்று கேட்டேன்.

"குடுக்கற வீட்ட வேணாம்னு சொன்னா, அடுத்த தபா நம்ம பேர எவன் எழுதுவான்? வர்றவங்க எல்லாம் வீடு எப்படிக்கீதுன்னு கேக்கறாங்க. நல்லாக்கீதுன்னு சொல்றோம். நல்லாத்தானேக்கீது?"

5. அழித்த படம்

திண்டிவனத்துக்கு பஸ்சில் திரும்பும்போது எனக்கு ஒன்று மட்டும் தெளிவாக இருந்தது. அஸ்திவாரம் தோண்டுவதற்கு முன் இது பேசப்பட வேண்டும். இல்லாவிட்டால் புதிய வரிசையிலும் ஆளாளுக்குத் துளை போட்டுக் கம்பி நடுவார்கள். கடல் காற்றில் அது துருப்பிடித்து ஊதி, வளைவையே பிளக்கும். ஆனால் அஞ்சலையின் வீட்டுப் படத்தைப் போடாமல் எப்படிச் சொல்வது?

வீட்டுக்கு வந்து தேடியபோது, அந்த வீடுகளைப் பற்றி ஒரு ஆங்கில வலைப்பூவில் அந்த ஜூலையில் வந்திருந்த பதிவு கிடைத்தது. அதில் அஞ்சலையின் வீடும் இருந்தது. சாயங்கால வெளிச்சம், பின்னால் கடல், வழவழப்பான வளைவு. கம்பி இல்லை. அந்தக் கம்பிகள் வைகாசியிலேயே நட்டவை. உற்றுப் பார்த்தால் சுவரில் விழுந்த நிழலில் மட்டும் ஒரு கம்பி மிச்சம் இருந்தது. கம்பியை அழித்தவர் நிழலை மறந்திருந்தார்.

மறுநாள் அறக்கட்டளையின் செயலாளருக்குப் போன் செய்து, தட்டைத் தளம் பற்றி யோசிக்கலாமா என்று கேட்டேன்.

"டோனருங்க புத்தகத்துல பாத்துட்டுத்தான் சார் குடுக்கறாங்க. அதுல வளைவு இருக்கு. வேற மாதிரி கட்டினா நாங்க என்ன பதில் சொல்றது? நீங்க கையெழுத்து மட்டும் போடுங்க."

"குப்பத்து ஆளுங்கள உக்கார வச்சுப் பேசாம நான் போட மாட்டேன் சார்."

"வேற இஞ்சினியரே இல்லையா திண்டிவனத்துல?"

"நிறைய இருக்காங்க. நம்பர் வேணும்னா தர்றேன். அவங்களும் பேசிட்டுப் போடறது நல்லது."

அவர் போனை வைத்துவிட்டார்.

நான் மோட்டார் பைக்கை எடுத்தேன். அடுத்த இரண்டு வாரம் வேலை முடிந்த சாயங்காலங்களில் திண்டிவனம், விழுப்புரம், காணை, திருவெண்ணெய்நல்லூர் என்று சுற்றி, மாடியில் கம்பி விட்ட வீடுகளை மட்டும் படம் எடுத்தேன். கம்பியில் கொடி கட்டித் துணி காயப் போட்டிருந்தார்கள். துருப்பிடிக்காமல் இருக்கக் காலி தண்ணீர் பாட்டிலைக் கவிழ்த்திருந்தார்கள். காணையில் ஒரு கரும்பு விவசாயி, "பெரியவன் கல்யாணத்துக்கு முன்பக்கக் கம்பி, சின்னவனுக்குப் பின்பக்கக் கம்பி. பேர் மட்டும்தான் எழுதல" என்றார். விழுப்புரத்தில் ரிட்டயரான ரயில்வேக்காரர் ஒருவர், "கம்பிய அறுத்துட்டா வீடு முடிஞ்சு போச்சுன்னு அர்த்தம். எங்க வீடு இன்னும் முடியல" என்றார். திருவெண்ணெய்நல்லூரில் ஒரு அம்மா, "பொண்ணு வீட்டுக்காரங்க வந்தா மொதல்ல மேலதான் பாப்பாங்க, அப்புறம்தான் மாப்பிள்ளையப் பாப்பாங்க" என்றார்.

செப்டம்பர் கடைசியில் பதிவைப் போட்டேன். குப்பத்தின் பெயர் இல்லை, அஞ்சலை இல்லை, வளைவு வீட்டின் படம் இல்லை. கடைசியில் ஒரே ஒரு கேள்வி: "வளைவுக் கூரை வீட்டில் இந்தக் கம்பியை எங்கே விடுவது? தெரிந்த ஆர்கிடெக்டுகள் சொல்லுங்கள்."

அதுவரை நான் எழுதிய எந்தப் பதிவுக்கும் அவ்வளவு பின்னூட்டம் வந்ததில்லை. வெளிநாட்டில் இருந்தவர்கள் தங்கள் வீட்டு மாடியை ஊரில் இருப்பவர்களைப் படமெடுக்கச் சொல்லி வாங்கி எனக்கு அனுப்பினார்கள். ஒரு ஆர்கிடெக்ட் ஆங்கிலத்தில் நீளமாக எழுதி, கம்பி விடுவது அசிங்கம், கட்டடக் கலைக்கே அவமானம் என்றார். அதற்குக் கீழே குவைத்திலிருந்து ஒருவர், "சார், அந்த அசிங்கத்தைப் பாத்துத்தான் எனக்குப் பொண்ணு குடுத்தாங்க" என்று எழுதினார்.

மூன்றாம் நாள் நந்தினியிடமிருந்து போன் வந்தது. "சார், கடைசி வரி எனக்குத்தானே?"

"ஆமாம்மா."

மறுநாள் காலை நந்தினி திண்டிவனம் ஆபீசுக்கு வந்துவிட்டார். உட்காரக்கூட இல்லை.

"கடற்கரையில கம்பிய வெளிய விட்டா என்ன ஆகும்னு உங்களுக்குத் தெரியாதா சார்? துரு உள்ள இறங்கித் தூணையே கெடுக்கும். நீங்களே இப்படி எழுதலாமா?"

"நீங்க சொல்றது சரிம்மா. அதுக்கு வழி பண்ணணும். ஆனா கம்பி வேணும்."

"நாலு வருஷமா போறேன். ஒருத்தர் சொல்லலையே."

கம்ப்யூட்டரைத் திருப்பி அந்த ஆங்கிலப் பதிவின் படத்தைக் காட்டினேன். நிழலைக் காட்டினேன். அவர் திரைக்குக் கிட்டே குனிந்து, நிழலின் மேல் விரலை வைத்தார்.

"போட்டோகிராபர் கேட்டார், ஏதோ கம்பி நிக்குது, எடுத்துடவான்னு. எடுத்துடுங்கன்னு நான்தான் சொன்னேன்" என்றார். "ஏதோ ஆன்டெனா கம்பின்னு நினைச்சேன்." பிறகு பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். "கூட்டம் எப்ப வைக்கலாம் சார்? செயலாளர்கிட்ட நான் பேசறேன்."

6. கூட்டம்

அக்டோபர் முதல் ஞாயிறு, குப்பத்தின் வலை பின்னும் கொட்டகையில் கூட்டம். செயலாளர் வந்தார். நந்தினி புது வரிசைக்கான பிளானைத் தரையில் விரித்தார். பழைய வரிசைக்காரர்களும் புது வரிசைக்காரர்களும் சுற்றி உட்கார்ந்தார்கள். அஞ்சலையின் பக்கத்தில் நான் அறியாத ஒருவர் இருந்தார். சம்பந்தி கலியமூர்த்தி என்றார்கள். முகூர்த்தப் புடவை எடுப்பது பற்றிப் பேச வந்தவர், கூட்டம் என்றதும் கூடவே வந்துவிட்டார். அஞ்சலை என்னைப் பார்த்த பார்வையில் உயிர் இல்லை.

"வீட்டுல என்ன மாத்தணும், தைரியமா சொல்லுங்க" என்றார் நந்தினி.

முன்னால் இருந்தவர்கள் பிளான் காற்றில் பறக்காமல் ஓரத்தில் கல் வைத்தார்கள்.

"நல்லாக்கீதும்மா" என்றார் ஒரு பெரியவர்.

"அப்படியே கட்டுங்க" என்றார் இன்னொருவர். செயலாளர் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

தனம் எதிரே உட்கார்ந்து புடவை முந்தானையை முறுக்கிக்கொண்டிருந்தார். கேட்டால் வீடே போய்விடும் என்ற பயம் முகத்தில் தெரிந்தது. நான் பேச எழுந்தேன். அஞ்சலையைச் சொல்லாமல் எதைச் சொல்வது என்று தெரியாமல் நின்றேன்.

"ஏம்பா, மாடிக்கு இன்னா வழின்னு ஒருத்தரும் கேக்க மாட்டீங்களா?" என்றார் கலியமூர்த்தி.

செயலாளர், "நீங்க இந்த ஊரா?" என்றார்.

"இல்லங்க. பொண்ணு குடுக்கறவன். நான் கம்பி கட்டற வேலைங்க, இருவது வருசமா." அஞ்சலையிடம் திரும்பினார். "யக்கா, உங்க வீட்டு மேல நிக்கற கம்பி சும்மா நிக்குதுன்னு எனக்கு அன்னிக்கே தெரியும். எட்டு எம்எம் கம்பிய வச்சு எவன் தூணு எடுப்பான்?"

கொட்டகையில் யாரோ சிரித்துவிட்டார்கள். அஞ்சலை முகத்தை மூடிக்கொண்டார்.

"தெரிஞ்சுமா தலைய ஆட்டினீங்க?" என்றார் சேகர்.

"கூரையப் பாத்தா குடுத்தேன்? உன்னப் பாத்துக் குடுத்தேன். அதுக்காவ என் பொண்ணு எங்க படுப்பான்னு கேக்காம இருப்பனா? கேக்கத்தான் வந்தேன். சொல்லுங்க, எங்க படுப்பா?"

அஞ்சலை கையை எடுத்தார். எழுந்து நின்றார். "அத இந்தம்மாவக் கேளுங்க" என்று நந்தினியைக் காட்டினார். "யம்மா, நல்லாக்கீதுன்னு நாங்க சொன்னது பொய் இல்ல. வெயிலுக்கு நல்லாக்கீது, புயலுக்கு நல்லாக்கீது. கல்யாணத்துக்கு ஆவல. என் வீட்டுல நட்ட மாதிரி இன்னும் நாலு வீட்டுல நடறதுக்குக் கம்பி வாங்கி வச்சிருக்காங்க. யாருன்னு நான் சொல்ல மாட்டேன்."

நாலைந்து பேர் தலையைக் குனிந்ததிலேயே தெரிந்துவிட்டது. அதன் பிறகு கொட்டகை ஓயவில்லை. தனம் எழுந்து, பிளானின் மேல் விரலை வைத்து, "எனக்கு இங்க ஒரு தூணு, இங்க ஒரு தூணு. படி வெளியால. மேல மீனு காயப்போட எடம். ரெண்டு புள்ளைங்க எனக்கு" என்றார். நந்தினி அங்கேயே பென்சிலை எடுத்தார். வீட்டின் முன்பாதி நான்கு கான்கிரீட் தூணும் தட்டைத் தளமும், பின்பாதி வளைவு. கம்பியைத் துருவிலிருந்து காக்க, அதைச் சுற்றி சிமென்ட் குறைந்த கலவையைக் குட்டைத் தூண் மாதிரிப் போட்டு மூடுவது, மாடி எடுக்கும்போது உடைத்துக்கொள்வது. இது கலியமூர்த்தியும் நந்தினியும் நானும் அரைமணி நேரம் வாதாடி முடிவு செய்தது. அந்த வாதத்தில் நந்தினி சொன்னதுதான் பெரும்பாலும் நின்றது.

7. அதன் விலை

எல்லாம் சுபமாக முடிந்தது என்று எழுத முடியாது. டிசைன் மாறியதும் ஒரு டோனர் பின்வாங்கினார். வேலை தள்ளிப்போனது. தனமும் மற்றவர்களும் அந்த மழைக்காலத்தையும் தார்ப்பாய்க்குக் கீழேதான் கழித்தார்கள். நவம்பரில் போனபோது தனம் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"நல்லாக்கீதுன்னு சொல்லிட்டு வாயப் பொத்திக்கினு இருந்திருந்தா, இன்னேரம் உள்ள படுத்திருப்போம். உன் கம்பிக்காவ நனையறோம், தெரியுதா?"

"தெரியுதும்மா."

"தெரிஞ்சா போதுமா? ஜல்தியா கட்டு."

நந்தினி இரண்டு மாதம் சென்னையில் படியேறி இறங்கி வேறு டோனரைப் பிடித்தார். 2013 மார்ச்சில் அஸ்திவாரம் போட்டோம். நான் வாரத்தில் நான்கு நாள் அங்கேயே நின்றேன். அந்த ஆண்டு மழைக்கு முன் எல்லாரும் குடிவந்தார்கள். சேகரின் கல்யாணம் சொன்ன மாதிரித் தையிலேயே நடந்தது. அஞ்சலை வீட்டின் துளைகளை அடைத்தோம். முன்னால் இருந்த காலி இடத்தில் தூண் எழுப்பி மேலே ஒரு ரூம் கட்டினார்கள். கம்பி கட்டியவர் கலியமூர்த்தி. இந்த முறை பன்னிரண்டு எம்எம்.

புது வரிசையின் படங்களை நந்தினி அந்தப் பத்திரிகைக்கே அனுப்பினார். வீடுகள் நன்றாக இருக்கின்றன, தளத்தின் மேல் நிற்கும் குட்டையான தூண்களை மட்டும் நீக்கி வேறு படம் தர முடியுமா என்று கேட்டார்கள். அவர் தரவில்லை. படங்கள் எனக்கு வந்தன. விதிப்படி மூன்று மழை காத்திருந்து, 2016 ஜனவரியில் என் வலைப்பூவில் போட்டேன். அதற்குள் தனத்தின் மூத்த மகனுக்குக் கல்யாணமாகி, மாடியில் ரூம் எழும்பியிருந்தது. படம் எடுக்கும்போது தனம் வந்து நின்றார்.

"அந்த மழைய மறந்துட்டேன்னு நெனைக்காத" என்றார். "எழுதறப்ப அதையும் எழுது."

எழுதினேன்.

இந்தத் தொழிலுக்கு வரும் தம்பி தங்கைகளுக்கு நான் சொல்ல இருப்பது கொஞ்சம்தான். பத்திரிகைகளையும் வலைப்பூக்களையும் நிறையப் படியுங்கள். நான் பாதிக் கட்டடக் கலையை அவற்றில்தான் கற்றேன். படித்த பிறகு அந்த வீட்டுக்கு நேரில் போங்கள், மழை முடிந்து போங்கள். நீங்களே எழுதவும் செய்யுங்கள். சுமாரான படம் போதும். போனால், வீடு எப்படி இருக்கிறது என்று கேட்காதீர்கள். நல்லா இருக்கு என்பார்கள், அதில் பொய் இருக்காது. அடுத்து எதைக் கட்டப் போகிறீர்கள் என்று கேளுங்கள். பதில் வரும்வரை பிளானில் கையெழுத்துப் போடாதீர்கள்.